லேயர் பொருந்தவில்லையா? ஊரமைப்பு வரைபட வேலையில் வரும் கோளாறுகளும் காரணம் பிடிக்கும் வழியும்

முழுமைத் திட்டங்களுக்கு அடிப்படை வரைபடம் போடும் வேலையில் எனக்குப் பத்து ஆண்டுக்கு மேல் ஓடிவிட்டது. புதிதாகச் சேரும் பிள்ளைகள் வாரத்துக்கு இரண்டு முறையாவது "சார், லேயர் பொருந்த மாட்டேங்குது" என்று வந்து நிற்பார்கள். சாலை, ஏரி, மனை என்று ஒன்றின் மேல் ஒன்றாக வைக்கும் வரைபட அடுக்குதான் லேயர். போய்ப் பார்த்தால், அந்த லேயரைக் கையால் பிடித்து இழுத்துச் சாலையோடு ஒட்டவைத்திருப்பார்கள். இந்த வேலையில் செய்யக் கூடாத முதல் காரியம் அதுதான். இழுத்த பிறகு அது எவ்வளவு விலகியிருந்தது, எந்தப் பக்கம் விலகியிருந்தது என்பது தெரியாமல் போய்விடும். காரணத்தைக் காட்டிக்கொடுப்பவையே அந்த இரண்டு விவரங்கள்தாம்.

ஆகவே கோளாறு எதுவானாலும் முதலில் அளக்கும் கருவியை எடுங்கள். ஊரின் நான்கு மூலையிலும் நடுவிலுமாக ஐந்து இடத்தில் விலகலை அளந்து, மீட்டரையும் திசையையும் ஒரு தாளில் எழுதுங்கள். ஐந்தும் ஒன்றுபோல இருக்கிறதா, இடத்துக்கு இடம் மாறுகிறதா என்று பார்த்தாலே பாதி வேலை முடிந்தது. கீழே இருப்பது தமிழ்நாட்டு ஊர்களுக்கு க்யூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் செய்யும் வேலையை மனதில் வைத்து எழுதியது. வேறு மென்பொருளில் பட்டன்களின் பெயர் மாறும், காரணங்கள் மாறா.

லேயரைக் காணோம், தேடிப் போனால் எங்கோ கடலில் நிற்கிறது

எந்தக் கடல் என்று பாருங்கள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

ஆப்பிரிக்காவின் மேற்கே கினி வளைகுடாவில் நின்றால், டிகிரியில் உள்ள தரவுக்கு, இணைய வரைபடங்களின் மீட்டர் முறையான வெப் மெர்கேட்டர் என்று முத்திரை குத்தியிருக்கிறீர்கள்; இல்லையென்றால் ஆயத்தொலைவுகள் வெறும் சுழியமாக வந்திருக்கின்றன. நிலநடுக்கோட்டின் மேல், மாலத்தீவின் அக்கம்பக்கத்தில் நின்றால், டிகிரித் தரவுக்கு யுடிஎம் (உலகத்தை மண்டலங்களாகப் பிரித்து மீட்டரில் அளக்கும் முறை) என்று பெயர் வைத்துவிட்டீர்கள். வடதுருவத்துக்குப் பக்கத்தில், நார்வேயின் ஸ்வால்பார்டு தீவுகளை ஒட்டிச் சென்னையின் பள்ளிக்கூடங்கள் வரிசையாக நின்றால் அட்சமும் தீர்க்கமும் இடம் மாறிவிட்டன: கிழக்கே 80, வடக்கே 13 என்பது கிழக்கே 13, வடக்கே 80 ஆகிவிட்டது. சிஎஸ்வி கோப்பை ஏற்றும்போது எக்ஸ், ஒய் பெட்டிகளை மாற்றிக் கொடுத்தால் சரியாகிவிடும்.

முதல் இரண்டுக்கும் அடிவேர் ஒன்றுதான். ‘செட் லேயர் சிஆர்எஸ்’ (சிஆர்எஸ் என்றால் ஆயத்தொலைவு முறை) என்பது, இந்தத் தரவு எந்த முறையில் அளக்கப்பட்டது என்று மென்பொருளுக்கு நாம் அறிவிப்பது. எண்கள் மாறாது. ‘ரீபுரொஜெக்ட் லேயர்’தான் எண்களையே கணக்கிட்டு மாற்றிப் புதுக் கோப்பு தரும். லிட்டர் என்று எழுதிய டப்பாவில் கிலோ என்று ஸ்டிக்கர் ஒட்டினால் உள்ளே இருக்கும் எண்ணெய் மாறிவிடாது அல்லவா? முத்திரையை நீக்கி, பழைய சரியான முறையை அறிவித்து, அப்புறம்தான் ரீபுரொஜெக்ட்.

மாவட்டத்தில் பாதி சரி, மீதி லட்சத்தீவில்

தமிழ்நாட்டுக்கு இது சொந்தக் கோளாறு. யுடிஎம் மண்டலங்கள் ஆறு டிகிரிக்கு ஒன்றாகப் பிரிகின்றன. 43-க்கும் 44-க்கும் எல்லைக்கோடு கிழக்குத் தீர்க்கம் 78 டிகிரி. அந்தக் கோடு திண்டுக்கல்லை ஏறக்குறைய உரசிக்கொண்டு போகிறது. கோயம்புத்தூரும் ஈரோடும் 43-இல் இருக்க, மதுரையும் சேலமும் திருச்சியும் 44-இல் விழுகின்றன. ஒரே வட்டாரத் திட்டத்துக்கு இரண்டு குழுக்கள் வேலை பார்த்தால், ஒரு குழு 43-இன் குறியெண்ணான 32643 என்றும் இன்னொன்று 44-இன் குறியெண்ணான 32644 என்றும் சேமித்துத் தரும். யாராவது இரண்டையும் ஒன்றாகச் சேர்க்கும்போது முத்திரை ஒன்றாகிவிடும். 44-இல் அளந்ததை 43 என்று நம்பினால் திண்டுக்கல் ஆறு டிகிரி மேற்கே போய் லட்சத்தீவுப் பக்கம் விழும். மாற்றி நம்பினால் வங்காள விரிகுடாவில்.

எண்ணைப் பார்த்தே பிடிக்கலாம். திண்டுக்கல்லை உரசும் அந்த 78 டிகிரிக் கோட்டின் கிழக்குத் தொலைவு (எக்ஸ் எண்) 43-இல் 8 லட்சத்து 28 ஆயிரம் மீட்டர் சொச்சம். 44-இல் 1 லட்சத்து 71 ஆயிரம் சொச்சம். அட்ரிபியூட் டேபிளில் (லேயரின் விவர அட்டவணையில்) ஒரு பகுதி 8 லட்சத்திலும் ஒரு பகுதி 1 லட்சத்திலும் இருந்தால் கலந்துவிட்டது என்று அர்த்தம். கிழக்குத் தொலைவை வைத்து இரண்டாகப் பிரித்து, தனித்தனியே சரியான முத்திரை குத்தி, ஒன்றை மற்றதன் மண்டலத்துக்கு மாற்றிவிட்டுச் சேருங்கள்.

எந்த மண்டலத்தை வைத்துக்கொள்வது என்று கூட்டத்தில் ஒரு மணி நேரம் பேசுவார்கள். எதை வைத்தாலும் பரவாயில்லை, ஒன்றையே வையுங்கள். மண்டல ஓரத்தில் நீளம் கிலோமீட்டருக்கு ஒரு மீட்டருக்குக் கொஞ்சம் குறைவாகக் கூடும். திட்ட வரைபடத்துக்கு அது பொருட்டே இல்லை.

எல்லா இடத்திலும் ஒரே திசையில், ஒரே அளவில் நூறு இருநூறு மீட்டர் விலகல்

ஐந்து இடத்து அளவும் கிட்டத்தட்ட ஒன்றாகவே வருகிறது, திசையும் ஒன்று என்றால் டேட்டம் கோளாறு. பூமியின் வடிவத்தை எப்படி வைத்துக்கொண்டு அளந்தார்கள் என்ற அடிப்படைதான் டேட்டம். இந்திய சர்வே துறையின் பழைய 1:50,000 டோபோ ஷீட்டுகள் (நில அமைப்பு வரைபடங்கள்) எவரெஸ்ட் என்ற பழைய நீள்கோளத்தை வைத்து வரையப்பட்டவை. 2005-இன் தேசிய வரைபடக் கொள்கைக்குப் பிறகு வந்த ஓப்பன் சீரிஸ் ஷீட்டுகள்தாம் ஜிபிஎஸ் பயன்படுத்தும் டபிள்யூஜிஎஸ் 84-இல் இருக்கின்றன. பழைய ஷீட்டின் மூலையில் அச்சிட்ட டிகிரியை அப்படியே தட்டி ஜியோரெஃபரன்ஸ் செய்து (ஸ்கேன் படத்தைப் பூமியில் அதன் இடத்தில் பொருத்தி), டபிள்யூஜிஎஸ் 84 என்று சேமித்த ஏரி, ஓடை, வன எல்லை ஷேப்ஃபைல்கள் (வரைபடக் கோப்புகள்) அலுவலகம் அலுவலகமாக இன்னும் சுற்றிக்கொண்டிருக்கின்றன. யார் செய்தது என்று யாருக்கும் தெரியாது, எல்லோர் பென் டிரைவிலும் இருக்கும்.

தீர்வு: கல்யாண்பூர் 1975 (எவரெஸ்ட் நீள்கோளத்து இந்திய டேட்டம்) என்று, அதாவது இபிஎஸ்ஜி குறியெண் 4146 என்று முத்திரை குத்தி, அங்கிருந்து டபிள்யூஜிஎஸ் 84-க்கு மாற்றுங்கள். மாற்றும்போது எந்த உருமாற்றம் என்று கேட்டால் அவசரத்தில் ஓகே தட்டாதீர்கள். எந்த உருமாற்றமும் செய்யாத ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் லேயர் நின்ற இடத்திலேயே நிற்கும். சரியாகச் செய்தாலும் சில மீட்டர் மிச்சம் இருக்கும். அதற்கு மேல் கசக்க வேண்டாம். 1:50,000 தாளில் அரை மில்லிமீட்டர் கோடு என்பதே தரையில் 25 மீட்டர். அந்தத் தாளில் இருந்து எடுத்த ஓடையை வைத்து ஒரு சர்வே எண் ஓடைக்குள் வருகிறதா வெளியே நிற்கிறதா என்று யாருக்கும் பதில் சொல்லக் கூடாது.

ஓரிடத்தில் 3 மீட்டர், இன்னோரிடத்தில் 25 மீட்டர், வேறிடத்தில் வேறு திசை

இதுதான் கடினமானது. ஏனென்றால் ஒரே தட்டில் சரியாவதில்லை.

பெரும்பாலும் கிராம வரைபடத்தில் வரும். பழைய கிராமப் படங்கள் பல, மைலுக்கு 16 அங்குலம், அதாவது 1:3960 அளவில் வரைந்தவை. அதில் அரை மில்லிமீட்டர் பேனாக் கோடு தரையில் இரண்டு மீட்டர். தாள் மடித்து மடித்து வெடித்திருக்கும், ஈரத்தில் சுருங்கியிருக்கும். அதை ஜெராக்ஸ் எடுத்து, ஜெராக்ஸை ஸ்கேன் எடுத்து நமக்கு அனுப்புவார்கள். தாள் நீளவாக்கில் ஒரு விதமாகவும் அகலவாக்கில் ஒரு விதமாகவும் இழுபட்டிருக்கும். வரும் விலகலில் பாதிக்கு மேல் தாளின் குற்றம்.

இதைச் சரிசெய்ய நம் பிள்ளைகள் பாயும் இடம் ‘தின் பிளேட் ஸ்ப்ளைன்’. முப்பது புள்ளிகள் வைத்து அந்த முறையைத் தேர்ந்தெடுத்தால் பிழை சுழியம் என்று வரும். ஆகா என்று இருக்கும். ஆனால் அந்த முறை, கொடுத்த ஒவ்வொரு புள்ளி வழியாகவும் ரப்பர்போலத் தாளை இழுத்துக்கொண்டு போகும்படிக்கே செய்யப்பட்டது. நீங்கள் தப்பாக வைத்த புள்ளி வழியாகவும் அது பிழையில்லாமல் போகும். சுழியம் என்பது வேலை சரி என்பதற்குச் சாட்சி ஆகாது.

நானே ஒரு முறை மாட்டிக்கொண்டேன். ஒரு கிராமத்தில் எங்கள் படப்படி வாய்க்கால் புறம்போக்கு ஒரு வீட்டின் சமையலறை வழியாகப் போனது. களத்துக்குப் போனோம். கூட வந்த சர்வேயர் ஓய்வு பெற இன்னும் சில மாதங்களே இருந்தவர். எங்கள் மடிக்கணினியில் பிழை 0.000 என்று இருந்ததைக் காட்டினேன். அவர் அதைப் பார்க்கவே இல்லை. கம்பை எடுத்துக்கொண்டு கருவேல முள்ளுக்குள் போய், மண்ணைக் கொத்தி, மூன்று கிராம எல்லையும் கூடும் இடத்தில் நட்டிருந்த கல்லைக் காட்டினார். "தம்பி, கம்ப்யூட்டர்ல தப்பு ஜீரோன்னு வந்தா கல்லு நகந்து வந்துடுமா?" என்றார். நாங்கள் அந்த முனையை ஒரு புளியமரத்தடியில் வைத்திருந்தோம். கல்லுக்கும் மரத்துக்கும் 14 மீட்டர். வாய்க்கால் வீட்டுக்குப் பின்னால் ஒழுங்காகத்தான் ஓடிக்கொண்டிருந்தது.

அன்றிலிருந்து வேலையின் வரிசையை மாற்றிக்கொண்டோம். முதலில் கல். எல்லைகள் கூடும் கற்களில் கிடைத்தவற்றை டிஜிபிஎஸ் (துல்லியமான ஜிபிஎஸ் கருவி) வைத்து எடுக்கிறோம். அவற்றில் மூன்றில் ஒரு பங்கை ஒளித்துவைத்துவிட்டு, மீதியை வைத்துக் கிராமப் படத்தை முதல்படிப் பாலினாமியல் முறையில் (நேர்கோட்டை நேர்கோடாகவே விடும் முறை) மட்டும் பொருத்துகிறோம். பிறகு ஒளித்துவைத்த கற்கள் எங்கே விழுகின்றன என்று பார்க்கிறோம். அந்த விலகல்தான் உண்மையான பிழை. ஏதாவது ஒரு புள்ளியில் மட்டும் பெரிதாக வந்தால் அந்தக் கல்லையோ, படத்தில் அதை வைத்த இடத்தையோ திரும்பப் பார்க்கிறோம். எல்லாப் புள்ளியிலும் பரவலாக வந்தால் தாளை மாற்றி, நல்ல பிரதி கேட்கிறோம்.

கிராமப் படம் ஒரு சட்டகம் மட்டுமே. உள்ளே இருக்கும் ஒவ்வொரு சர்வே எண்ணுக்கும் எஃப்எம்பி (புல அளவுப் புத்தகம்) ஸ்கெட்ச் இருக்கிறது. அடித்தளக் கோடு போட்டு, அதிலிருந்து பக்கவாட்டு அளவெடுத்து, சங்கிலி பிடித்து அளந்த படம் அது. அதில் ஆயத்தொலைவு கிடையாது, அளவுகள்தாம் உண்டு. அந்த அளவுகளுக்குத்தான் மதிப்பு. ஆகவே எஃப்எம்பியை வைக்கும்போது நகர்த்தலாம், சுழற்றலாம். ரப்பர்போல இழுக்கக் கூடாது. வடிவத்தைக் குலைக்காத ஹெல்மெர்ட் முறை இதற்குத் தோதானது. பக்கத்துப் பக்கத்து எஃப்எம்பி இரண்டின் பொதுவான வரப்பு ஒன்றில் 42.6 என்றும் மற்றதில் 43.0 என்றும் இருக்கும். இழுத்து மூடிவிடத் தோன்றும். செய்யாதீர்கள், இடைவெளியைக் குறிப்பு லேயரில் எழுதி சர்வேயருக்கு அனுப்புங்கள். அவர் திருத்த வேண்டிய இடத்தை நாம் சத்தமில்லாமல் தைத்து மூடிவிட்டால், பிற்பாடு அது இரண்டு குடும்பங்களுக்கு நடுவில் வழக்காகக் கிளம்பும்.

அடுக்குமாடி ரோட்டின் மேல் சாய்ந்திருக்கிறது

செயற்கைக்கோள் படத்தில் உயரமான கட்டடத்தின் கூரை, அடித்தளத்திலிருந்து விலகித் தெரியும். படம் சரிவாக எடுக்கப்பட்டதால் வருவது. கூரையைச் சுற்றி வரைந்து அப்படியே விட்டால் பத்து மாடிக் கட்டடம் சாலையை ஆக்கிரமித்ததாகப் பட்டியலில் ஏறிவிடும். கூரையின் வடிவத்தை வரைந்து, அடிப்பகுதி தெரியும் பக்கத்தோடு ஒட்டும்படி அதே வடிவத்தை அடிக்கு இறக்குங்கள். சிறிய வீடுகளுக்கு இந்தக் கவலை வேண்டாம்.

பரப்பு பட்டாவோடு ஒத்துவரவில்லை

இங்கேயும் அளவுதான் முதலில். நம் பரப்பைப் பட்டாப் பரப்பால் வகுத்து விகிதத்தைப் பாருங்கள்.

சென்னையில் 1.06 அளவில் எல்லா மனைக்கும் வந்தால் வெப் மெர்கேட்டரில் சமதளப் பரப்பு எடுத்திருக்கிறீர்கள். அந்த முறை வடக்கே போகப்போக நிலத்தைப் பெருக்கிக் காட்டும். கன்னியாகுமரியில் 3 சதவீதத்துக்குள் இருப்பது சென்னையில் ஏறத்தாழ 6 சதவீதம். ஒரு ஹெக்டேருக்குப் பதினைந்து சென்ட் சும்மா முளைத்துவிடும். யுடிஎம்முக்கு மாற்றிக் கணக்கிடுங்கள். க்யூஜிஐஎஸ்-இல் டாலர் குறி போட்ட ஏரியா நீள்கோளத்தின் மேல் கணக்கிடும், குறி இல்லாத ஏரியா சமதளத்தில் கணக்கிடும். ஒரே குழுவில் இரண்டு பேர் இரண்டையும் பயன்படுத்திவிட்டுச் சண்டை போட்டதைப் பார்த்திருக்கிறேன்.

2.47 என்றால் ஏக்கரும் ஹெக்டேரும் குழம்பியிருக்கின்றன. 10.76 என்றால் சதுர அடி. 24.7 வந்தால் எஃப்எம்பி மீட்டரில் இல்லை, பழைய லிங்க் அளவில் இருக்கிறது. நூறு லிங்க் ஒரு சங்கிலி, அது 66 அடி. ஒரு லிங்க் 0.201168 மீட்டர். ஆயிரம் சதுர லிங்க் ஒரு சென்ட் என்பது நினைவில் இருந்தால் மனக்கணக்கிலேயே சரிபார்க்கலாம்.

சரியாகப் பத்தில் ஒன்று என்று சில மனைகளுக்கு மட்டும் வந்தால் பட்டாவைப் படித்ததில் தப்பு. பட்டாவில் ஹெக்டேர், ஏர் என்று இரண்டு அளவு சேர்ந்து வரும். ‘0 - 4.50’ என்றால் நான்கரை ஏர், அதாவது 450 சதுர மீட்டர். அதைச் சேர்த்து 0.450 ஹெக்டேர் என்று தட்டினால் 4,500 சதுர மீட்டர். ‘0 - 40.50’ போன்றவை தப்பிவிடும் என்பதால் பட்டியலைக் கண்ணால் ஓட்டிப் பார்ப்பவருக்கு இது தெரிவதே இல்லை.

விகிதம் ஒழுங்கே இல்லாமல் 0.93, 1.08, 0.97 என்று ஆடினால் அது மென்பொருள் விஷயமல்ல. உட்பிரிவு ஆன பிறகு படம் மாறியதா, ‘அ’ பதிவேடு (கிராம நிலப் பதிவேடு) பழையதா என்று பாருங்கள். 45/2 என்பது 45/2ஏ, 45/2பி ஆகியிருக்கும். நம் கையில் இருக்கும் ஸ்கெட்ச்சுக்கு அது இன்னும் தெரியாது.

ஜாயின் போட்டால் பாதி வரிகள் காலி

வரைபடத்தையும் அட்டவணையையும் பொதுவான எண்ணால் இணைப்பதுதான் ஜாயின். அது பொருந்தாவிட்டால் குற்றவாளி பெரும்பாலும் எக்செல். உட்பிரிவு எண் 5/2 என்று தட்டியதும் அது பிப்ரவரி 5 ஆகிவிடும். 13/4 ஏப்ரல் 13. 45/2 தப்பிவிடும், 45-ஆம் தேதி கிடையாதே. அதனால்தான் சிறிய சர்வே எண்கள் மட்டும் காணாமல் போகும், பெரிய எண்கள் ஒழுங்காகப் பொருந்தும். இந்த ஒழுங்கைப் பார்த்தாலே எக்செல்தான் என்று சொல்லிவிடலாம். தட்டுவதற்கு முன்பே அந்த நெடுவரிசையை டெக்ஸ்ட் ஆக்கிவிட வேண்டும். தேதியான பின் டெக்ஸ்ட் ஆக்கினால் ஐந்திலக்க எண் ஒன்றுதான் மிஞ்சும். அதேபோலக் கிராம எண் 007 என்பது வெறும் 7 ஆகியிருக்கும்.

எல்லாம் டெக்ஸ்ட், எண்ணும் சரி, ஆனால் ஊர்ப் பெயரில் பொருந்தவில்லை என்றால் எழுத்தைப் பாருங்கள். கொளத்தூர் என்பதில் ‘கொ’வை இரண்டு விதமாகச் சேமிக்கலாம்: ஒகர வரிசைக்கு உரிய ஒற்றைக் குறியீடாக, அல்லது கொம்பும் காலும் தனித்தனியாக. திரையில் இரண்டும் அச்சு அசலாக ஒன்று. கணினிக்கு இரண்டும் வேறு ஊர். ஸ்ரீபெரும்புதூரில் இன்னும் வேடிக்கை. ‘ஸ்ரீ’ என்ற வடிவம் ‘ஸ’வில் இருந்தும் வரும், ‘ஶ’வில் இருந்தும் வரும், பல எழுத்துருக்கள் இரண்டையும் ஒரே மாதிரிதான் காட்டும். நான் ஒரு மதியம் முழுக்க அந்த ஒற்றை ஊரை முறைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். எழுத்துகளின் நீளத்தை எண்ணும் சூத்திரத்தைப் போட்டுப் பார்த்தால் ‘கொ’ விவகாரம் உடனே வெளிவரும், ஒன்றில் ஓர் எண் கூடுதலாக இருக்கும். ‘ஸ்ரீ’க்கு அதுவும் உதவாது, குறியீட்டு எண்ணைத்தான் பார்க்க வேண்டும். பெயரை வைத்து ஜாயின் போடுவதையே விட்டுவிடுவது புத்திசாலித்தனம். மாவட்டம், வட்டம், கிராமம், சர்வே எண், உட்பிரிவு ஐந்தையும் கோத்து ஒரே சாவியாக வைத்துக்கொள்ளுங்கள். வெறும் சர்வே எண் போதாது, 45/2 எல்லாக் கிராமத்திலும் இருக்கிறது.

தமிழ்ப் பெயர்கள் கேள்விக்குறியாக, அல்லது பாதியில் வெட்டுப்பட்டு வருகின்றன

கேள்விக்குறியும் குப்பை எழுத்தும் வந்தால் ஷேப்ஃபைலின் என்கோடிங்கை (எழுத்துக் குறியீட்டு முறையை) யுடிஎஃப்-8 ஆக்கிப் பாருங்கள். ஆங்கில எழுத்துகள் கலந்து படிக்க முடியாத வரியாக வந்தால் பாமினி, வானவில் என்ற பழைய எழுத்துருக்களின் காலத்துத் தட்டச்சு. முதலில் யூனிகோடுக்கு மாற்ற வேண்டும்.

வெட்டுப்படுவது வேறு கதை. யுடிஎஃப்-8-இல் தமிழின் ஒவ்வொரு குறியீடும் மூன்று பைட் எடுக்கும். கீழ்ப்பாக்கம் என்பதில் புள்ளி, கால் எல்லாம் சேர்த்து 13 குறியீடுகள், 39 பைட். 30 அகலம் கொடுத்த நெடுவரிசையில் அது ‘கீழ்ப்பாக்’ என்று நின்றுவிடும். ஷேப்ஃபைலில் நெடுவரிசைத் தலைப்புக்கும் பத்து எழுத்துதான் இடம். ஜியோபேக்கேஜ் என்ற கோப்பு வகைக்கு மாறிவிட்டால் இந்த இரண்டு தொல்லையும் இல்லை.

ஜாயின் முழுசாகப் பொருந்திவிட்டது, ஆனால் அடர்த்தி நம்பும்படி இல்லை

வரி காலியாக இருந்தால் நமக்குத் தெரியும். நிரம்பியும் தப்பாக இருப்பதுதான் ஆபத்து. சென்னையின் 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அந்த ஆண்டு பிப்ரவரியில் எடுக்கப்பட்டது. அப்போது மாநகராட்சி 174 சதுர கிலோமீட்டர், 155 வார்டு. அதே ஆண்டு அக்டோபரில் எல்லை 426 சதுர கிலோமீட்டராக விரிந்து 200 வார்டுகள் ஆகின. பழைய கணக்கின் 1 முதல் 155 வரையிலான வார்டுகளைப் புதிய படத்தோடு இணைத்தால் எல்லா எண்ணும் பொருந்தும். ஆனால் புதிய 1-ஆம் வார்டு திருவொற்றியூர் மண்டலத்தில் இருக்கிறது. கணக்கெடுப்பு நடந்தபோது அது மாநகராட்சியிலேயே இல்லை.

மொத்தத்தைச் சோதியுங்கள். 46,46,732 பேரை 174-ஆல் வகுத்தால் சதுர கிலோமீட்டருக்கு 26 ஆயிரத்துக்கு மேல். 426-ஆல் வகுத்தால் 11 ஆயிரத்துக்கும் குறைவு. உங்கள் படத்தில் இரண்டாவது எண்ணுக்குப் பக்கத்தில் வந்தால் எல்லையும் கணக்கும் வேறு வேறு காலத்தவை. பழைய வார்டு எல்லையைத் தேடி எடுத்து அதோடு இணைத்து, பிறகு புதிய எல்லைக்குப் பிரித்துப் போடுங்கள். பிரிக்கும்போது வெறும் பரப்பு விகிதத்தில் பிரித்தால் ஏரியிலும் சதுப்பிலும் ஆட்கள் குடியேறிவிடுவார்கள். வீடுகள் உள்ள பரப்பை மட்டும் எடுத்து அந்த விகிதத்தில் பிரியுங்கள்.

வெள்ளப் படத்தில் ஓடை ஏரிக்குள் நேர்கோடாக ஓடுகிறது, ஏரியே காணோம்

தரையின் உயர மாதிரியை எடுத்து, ‘ஃபில் சிங்க்ஸ்’ (பள்ளம் நிரப்பும் கருவி) ஓட்டி, நீரோட்டம் வரைந்தால் தமிழ்நாட்டில் நடப்பது இது. பள்ளம் எல்லாம் தரவுப் பிழை என்று நினைத்து அந்தக் கருவி அவற்றை மட்டமாக நிரப்பும். நம் ஊரில் பள்ளம் என்றால் ஏரி. ஒன்றன் நீர் இன்னொன்றுக்குப் போகும்படி தொடராக வெட்டிவைத்த ஏரிகளை ஒரே சொடுக்கில் தூர்த்துவிடுகிறோம். நிரப்பிய மட்டமான இடத்தில் வழி தெரியாமல் ஓடைகள் ரயில் தண்டவாளம்போல இணைகோடாக ஓடும்.

இன்னொரு பக்கம், கரை தெரியாது. எஸ்ஆர்டிஎம் என்ற உயர மாதிரி 2000-ஆம் ஆண்டு பிப்ரவரியில் பதினொரு நாளில் விண்கலத்தில் இருந்து எடுத்தது. ஒரு கட்டம் 30 மீட்டர், உயரம் முழு மீட்டரில். மூன்று நான்கு மீட்டர் உயரத்தில் நடைபாதை அகலத்துக்கு இருக்கும் கரை அந்தக் கட்டத்துக்குள் கரைந்துவிடும். மரமும் கூரையும் மட்டும் உயரமாகத் தெரியும். சென்னைபோலத் தட்டையான ஊரில் தெருவுக்குத் தெரு வித்தியாசமே ஒரு மீட்டருக்குள் இருக்கும்போது இதை வைத்து எந்தத் தெரு மூழ்கும் என்று சொல்ல முடியாது.

செய்யக்கூடியது இது. ஏரிகளின் பாலிகனை எடுத்து, நிரப்பாமல் விடும்படி தனியே ஒதுக்குங்கள். கரையைக் கோடாக வரைந்து, களத்தில் எடுத்த உயரத்தைக் கொடுத்து மாதிரியில் ஏற்றுங்கள். பிறகு கலுங்கு எங்கே என்று கேளுங்கள். நிரம்பிய ஏரியில் இருந்து தண்ணீர் வெளியேறுவது கலுங்கு வழியாக; அது பெரும்பாலும் கரையின் ஓரத்தில் இருக்கும், ஆழமான இடத்தில் இருக்காது. கருவி ஆழத்தைப் பார்த்து மதகுப் பக்கம் வழி திறந்துவிடும், வெள்ளம் தப்பான தெருவுக்குப் போய்விடும். கலுங்கில் ஒரு வெட்டு, அங்கிருந்து அடுத்த ஏரி வரை வரத்துக்கால்வாயை எஃப்எம்பி படி செதுக்குவது, அதன் பிறகு நீரோட்டம். ஊரில் விவசாயம் செய்த பெரியவர் ஒருவரோடு கரையில் அரைமணி நேரம் நடந்தால் இந்த மூன்றும் கிடைத்துவிடும்.

டிஜிபிஎஸ் வைத்து எடுத்த உயரம் கடற்கரையில் கழித்தல் எண்பது, தொண்ணூறு என்று வந்தால் பதறாதீர்கள். அது நீள்கோளத்தின் மேல் அளந்த உயரம்; தென்னிந்தியாவில் கடல்மட்டம் அதற்கு அவ்வளவு கீழே இருக்கிறது. ஜியாய்டு (கடல்மட்டத்தின் வடிவம்) திருத்தம் போட்டால் சரி.

பஃபர் மாநிலத்தையே விழுங்குகிறது. அல்லது சாலை இரண்டு மடங்கு

பஃபர் என்பது ஒரு கோட்டைச் சுற்றிக் குறிப்பிட்ட தூரத்துக்குப் பட்டை வரைவது. டிகிரியில் இருக்கும் லேயருக்கு 100 என்று கொடுத்தால் அது நூறு டிகிரி. யுடிஎம்முக்கு மாற்றுங்கள். 18 மீட்டர் சாலைக்கு நடுக்கோட்டில் இருந்து 9 கொடுக்க வேண்டும், 18 அல்ல. கடலோர ஒழுங்குமுறை மண்டலத்தைக் குறிக்க, எங்கோ கிடைத்த கரைக்கோட்டில் 500 மீட்டர் பஃபர் போட்டுவிட்டு முடிந்தது என்று நினைக்காதீர்கள். அந்த அளவு தொடங்குவது உயர் ஓதக் கோட்டில் (கடல் ஏறிவரும் எல்லையில்) இருந்து. அனுமதி பெற்ற கடலோர மண்டல மேலாண்மை வரைபடத்தில் உள்ள கோட்டைத்தான் எடுக்க வேண்டும்.

திரையில் சரி, அச்சில் தப்பு

தாளில் ‘அளவு 1:4000’ என்று எழுத்தில் போட்டுவிட்டு, ஏ0-வுக்குச் செய்ததை ஏ3-இல் சுருக்கி அச்சடித்தால் அது ஏறக்குறைய 1:11,300 ஆகிவிடும். எழுத்து மட்டும் 1:4000 என்றே நிற்கும். ஓர் ஆட்சேபணைக் கூட்டத்துக்கு அப்படி ஒரு பிரதியைக் கொண்டுபோயிருந்தோம். முன்வரிசையில் இருந்த பெரியவர் சட்டைப் பையில் இருந்து பள்ளிக்கூட ஸ்கேலை எடுத்து ஏதோ அளந்தார், விரல்விட்டுக் கணக்குப் போட்டார். "எங்க ஏரிக்கரை ஒரு கிலோமீட்டர் சார். உங்க படத்துல முந்நூத்தம்பது மீட்டர்தான் இருக்கு. மிச்சக் கரையை யாருக்குக் குடுத்தீங்க?" என்று எழுந்து நின்று கேட்டார். கூட்டம் அடங்க இருபது நிமிடம் ஆனது. இப்போது எந்தத் தாளிலும் அளவை எண்ணாகப் போடுவதில்லை; படத்தோடு சேர்ந்தே சுருங்கும் அளவுக்கோட்டை மட்டும் வைக்கிறோம்.